வீட்டுக்குப் போகணும் என்று மாற்றிய வரி

என் எழுத்தில் முற்றுப்புள்ளியே இருக்காது. ஐந்தாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அங்கே புள்ளி வைக்கச் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள், எனக்குத்தான் ஒட்டவில்லை. இப்போது இதில் அங்கங்கே புள்ளி வைத்து எழுதுகிறேன் என்றால் அது எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிற பெண்ணிடம் பார்த்தது. வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும், பத்தி மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது, செல்லில் படிக்கிறவர்களுக்குப் பொறுமை கிடையாது என்பாள். அவளுக்கு அதுதான் வேலை. கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் இணையத்தில் எழுதிப் போடுவாள். தனக்கென்றும் ஒரு வலைப்பூ வைத்திருக்கிறாள். காஞ்சிபுரம் வருகிறவர்கள் எந்தக் கோவிலுக்கு எந்த நேரம் போகலாம், கோவில் இட்லி எங்கே கிடைக்கும், பட்டுப்புடவை வாங்கும்போது எதைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதுவாள். ஈரோட்டுப் பக்கத்துக்காரி. வெளிநாட்டிலிருந்தெல்லாம் படிக்கிறார்கள் என்று சொன்னாள்.

என் வீட்டுக்காரர் காணாமல் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. மூன்று வருஷமாக அவருக்கு மறதி. வயசானால் சிலருக்கு வருவது, கூடிக்கொண்டேதான் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நான் வெளியே போகும்போதெல்லாம் வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவேன். அன்றைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டாவது நடை போகும்போது தாழ்ப்பாள் போடவில்லை. இரண்டு கையிலும் குடம். திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்குது, அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் டம்ளர் இருக்குது, அதில் பாதிக் காபி இருக்குது. உடம்பில் வேட்டியும் பனியனும்தான். செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டு போகவில்லை.

பிள்ளையார்பாளையம் முழுக்கத் தேடினோம். ஒரு கடைக்காரரின் கேமராவில் அவர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்து போவது தெரிந்தது. கையை முன்னால் நீட்டிக்கொண்டு, எதையோ பிடிக்கப் போகிறவர் மாதிரி போனார். அதற்கு அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. என் மகன் போலீசில் எழுதிக் கொடுத்தான். வாலாஜாபாத், செங்கல்பட்டு, அந்தப் பக்கம் அரக்கோணம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் வந்தான். மறுநாள் சாயங்காலம் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

அப்போதுதான் மாடிப்பெண் இறங்கி வந்தாள்.

"அம்மா, நான் என்னோட பிளாக்ல போடறேனுங்க. அங்கிருந்து எல்லாத்துலயும் பரவும். நீங்க அவரைப் பத்திச் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்றாள்.

நான் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. எனக்குச் சின்ன வயசிலிருந்தே வெளி ஆள் எதிரில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் எங்கள் மாடிக்குக் குடி வந்து இரண்டு வருஷம் ஆகியும் "தண்ணி வந்துதா, பால் வந்துதா" என்பதற்கு மேல் நான் அவளிடம் பேசியதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கும் மகன்தான் பதில் சொன்னான். அவள் சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று உட்கார்ந்திருக்க, நான் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றேன். கடைசியில் மகன்தான், "அம்மா பேச மாட்டாங்க, நோட்டு குடுத்தா எழுதுவாங்க" என்றான்.

எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை முடிய ஒன்பது பக்கம் வந்தது. என்னிடமா இவ்வளவு இருந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவர் கத்தரிக்காய் சாப்பிட மாட்டார் என்று எழுதினேன். யார் புடவையில் நூல் பிரிந்து தொங்கினாலும் கிட்டே போய் அதைப் பிடித்து நீவி விடுவார், ஒரு நாள் பஸ்ஸில் ஒரு பெண் அடிக்கவே வந்துவிட்டாள் என்று எழுதினேன். கல்யாணத்தன்று அவர் என்னிடம் பேசின முதல் பேச்சை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். பசித்தால் கேட்கத் தெரியாது, கொடுத்தால் சாப்பிடுவார். வலது கண்ணில் பூ விழுந்திருக்குது. நம் வீட்டிலேயே உட்கார்ந்துக்கினு எப்பப் பார்த்தாலும் "இண்டிகி போவல, இண்டிகி போவல" என்று சொல்லிக்கினு இருப்பார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. இங்கே தறிக்காரக் குடும்பங்கள் நிறையப் பேருக்கு அப்படித்தான். எழுத்து, படிப்பு, கடைவீதி எல்லாம் தமிழ். வாசற்படிக்கு உள்ளே வந்தால் தெலுங்கு. தெலுங்கு எழுத்தில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது. அது வேறு பாஷை என்ற நினைப்பே எங்களுக்கு வராது, வீட்டில் செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி அது.

திங்கட்கிழமை காலை நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். ஒன்பது பக்கத்தையும் அவசரப்படாமல் படித்தாள். படிக்கும்போது இரண்டு இடத்தில் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் சிரித்தாள்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. அவரு காணாமப் போனதே இதுல ஏழாவது பக்கத்துலதானுங்க வருது."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. உடனே வெட்கமாகிவிட்டது.

அவள் வேலை செய்கிறதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் வரியில் விஷயம் வர வேண்டும் என்று ஏழாவது பக்கத்தை எடுத்து மேலே வைத்தாள். பெரிய எழுத்தில் தலைப்பு. கீழே அவர் படம். அதற்குக் கீழே வயசு, உயரம், உடுத்தியிருந்த துணி. அடையாளங்கள் என்று ஒரு சின்னத் தலைப்புப் போட்டு ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு வாய்விட்டுப் படிப்பாள். மூச்சு முட்டினால் வெட்டுவாள். வரிக்கும் வரிக்கும் நடுவில் நிறைய இடம் விட்டாள். எனக்கு அது துணி கிழிந்த மாதிரி இருந்தது. "ஏம்மா, இவ்ளோ காலியா விடறியே" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கண்ணு ஓய்வெடுக்க இடம் வேணும்மா. நெருக்கி எழுதினா தாண்டிப் போயிடுவாங்க."

கத்தரிக்காய் போயிற்று. பஸ்ஸில் அடிக்க வந்த பெண் போனாள். நூலை நீவி விடுவது இருந்தது, "நெசவாளி என்பதால்" என்று இரண்டு வார்த்தை சேர்த்து அழகாக வைத்தாள். அப்புறம் அந்த வரிக்கு வந்தாள்.

"இண்டிகி போவல... அப்படின்னா என்னங்கம்மா?"

"வீட்டுக்குப் போவணும்னு அர்த்தம்."

"தெலுங்குல இருந்தா படிக்கறவங்க அந்த எடத்துல நின்னுடுவாங்க. ஒரு வார்த்தை புரியலைன்னாலும் மூடிட்டுப் போயிடுவாங்க. தமிழ்லயே போட்டுடலாங்களா? வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பாருங்க, படிச்சா நெஞ்சை அடைக்குது."

உண்மையாகவே நெஞ்சை அடைத்தது. ஆனால் என்னவோ ஒன்று இடித்தது. அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லையே என்று தோன்றியது. அது என்ன, ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளோ படித்தவள், காலையிலிருந்து எனக்காகத் தன் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் தலையாட்டினேன்.

படத்துக்கு மகன் கல்யாணத்தில் எடுத்ததுதான் இருந்தது. பட்டு வேட்டி, மீசை, கன்னம் நிறையச் சதை. பழைய படம், மங்கல். அவள் அதையும் வெளிச்சமாக்கித் துடைத்து வைத்தாள். கண்ணில் விழுந்த பூ தெரியாமல் போயிற்று.

முடித்து என்னிடம் செல்லைக் கொடுத்தாள். என் ஒன்பது பக்கம் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. விரலால் தள்ளித் தள்ளிப் படித்தேன். எங்கேயும் தடுக்கவில்லை. ஓடைத் தண்ணீர் மாதிரி போயிற்று. ஒன்று ஒப்புக்கொள்கிறேன். அதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இது நான் எழுதினது என்று இருந்தது. எதற்கு எழுதினோம் என்பது கொஞ்ச நேரம் மறந்தே போய்விட்டது. மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மாடிக்குப் போய் அதைக் காட்டச் சொல்லிப் படித்துவிட்டு வந்தேன்.

அவள் சொன்ன மாதிரியே பரவியது. மறுநாள் எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் செல்லில் வந்துவிட்டது. "என்னம்மா, உங்க வீட்டுக்காரரு மாப்பிள்ளை மாதிரி இருக்காரு போட்டோல" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். கேலிதான், ஆனால் கண் கலங்கியிருந்தது. பதிவின் கீழே நிறையப் பேர் எழுதினார்கள். படித்ததும் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது என்று ஒருவர். எவ்வளவு அருமையான எழுத்து என்று ஒருவர். கண்ணீர் விடுகிற பொம்மை முகங்கள் வரிசையாக வந்தன.

மகனுடைய நம்பரைத்தான் அதில் கொடுத்திருந்தோம். ஒருவர் வாலாஜாபாத்தில் அரிசி மில் பக்கம் பார்த்தேன் என்றார். மகன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். அங்கே மூட்டை மேல் படுத்திருந்தவர் மில்லின் வாட்ச்மேன். எழுப்பிவிட்டதற்குத் திட்டி அனுப்பினாராம். இன்னொருவர் திருமுக்கூடல் ஆற்றோரம் என்றார். அங்கே யாருமே இல்லை. மூன்றாவது தடவை போய் வந்தபோது மகன் என்னைப் பார்த்து, "படிச்சிட்டு அழறவன்தாம்மா இருக்கான். தேடறவன் ஒருத்தனும் இல்ல" என்றான். நான்தான் அப்படி எழுதிவிட்டேன் என்கிற மாதிரி சொன்னான்.

இரண்டு மாசம் போயிற்று. அதற்கு அப்புறம்தான் அரக்கோணத்திலிருந்து அந்தப் பெண்ணின் போன் வந்தது. ஸ்டேஷனுக்கு வெளியில் டிபன் கடை வைத்திருக்கிறவள். மகன் ஸ்பீக்கரில் போட்டான். அவள் பேச ஆரம்பிக்கும்போதே அழுகைதான் வந்தது.

"அண்ணா, அந்தப் பெரியவரு கிடைச்சிட்டாரா? மொதல்ல அதச் சொல்லுங்க."

"இல்லம்மா. நீங்க யாரு?"

"அப்போ நான்தான் அனுப்பிட்டேன் அண்ணா. நான்தான் அனுப்பிட்டேன்."

மறுநாளே நானும் மகனும் அரக்கோணம் போனோம். கடையில் கூட்டமாக இருந்தது. அவள் கரண்டியைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வயசு இருக்கும். மாவு ஒட்டின கை. அவள் சொன்னது இதுதான்.

பதிவு வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, அவள் காலையில் மாவு அரைத்துக்கொண்டே செல்லில் அதைப் படித்திருக்கிறாள். யாரோ அனுப்பியிருந்தார்கள். படித்துவிட்டு அழுதிருக்கிறாள், தன் புருஷனுக்கும் படித்துக் காட்டியிருக்கிறாள். அன்றைக்கே பத்து மணிக்கு ஒரு கிழவர் கடையோரம் வந்து நின்றிருக்கிறார். ஐந்து நாள் தாடி. அழுக்கு வேட்டி. மேலே யாரோ கொடுத்த பழைய சட்டை. ஒன்றும் கேட்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். இவள் இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தாள், சாப்பிட்டார்.

"எந்த ஊரு தாத்தான்னு கேட்டேன் அக்கா. பதிலே இல்ல. காது கேக்கலையோன்னு சத்தமா கேட்டேன். என்னையே பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம் தெலுங்குல சொன்னாரு. இண்டிகி போவல, இண்டிகி போவலன்னு. அதையேதான் சொன்னாரு."

நான் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்கு அரைகுறையா தெலுங்கு வரும் அக்கா, ரயிலடியில கத்துக்கிட்டது. மீ ஊரு எக்கடன்னு கேட்டேன். சொல்லத் தெரியல. சரி, ஆந்திராக்காரரு, கும்பலோட வந்து வழி தவறிட்டாருன்னு நெனைச்சேன். திருப்பதியான்னு கேட்டேன். தலையாட்டினாரு."

"திருப்பதியான்னு கேட்டா யாருதான் தலையாட்ட மாட்டாங்க" என்றான் மகன். அவன் கோபத்தில் சொல்லவில்லை. அவள் முகம் அதற்கே சுருங்கிவிட்டது.

அவளே டிக்கெட் எடுத்திருக்கிறாள். இட்லி கட்டிக் கையில் கொடுத்திருக்கிறாள். குழந்தைக்கு மொட்டை போடத் திருப்பதி போகிற ஒரு குடும்பத்திடம், இறங்கின பிறகு யாரிடமாவது ஒப்படையுங்கள் என்று சொல்லி அவரை ஜன்னலோரம் உட்கார வைத்திருக்கிறாள். வண்டி கிளம்பும்போது அவர் இவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். ஏதோ பிரிந்த நூலாம். விடவே இல்லையாம். இவள்தான் அவர் விரலைப் பிரித்துவிட்டு இறங்கியிருக்கிறாள்.

"காலையிலதானே படிச்சேன் அக்கா. நூலைப் பிடிப்பாருன்னு அதுல எழுதியிருந்துச்சே. கையில பிடிச்சுக்கினு நிக்கறாரு, எனக்குத் தோணல. அதுல இருக்கறவரு தமிழ்க்காரரு. வீட்டுக்குப் போகணும்னு தமிழ்ல சொல்றவரு. போட்டோல மீசையும் கன்னமுமா இருக்கறவரு. இவரு வேற யாரோ. அந்த மாதிரிதான் மனசுல பதிஞ்சுபோச்சு."

எங்களுக்குப் போன் செய்வதற்கு முந்தின நாள் காஞ்சிபுரத்திலிருந்து புடவை விற்க வந்த ஒருவர் அவள் கடையில் சாப்பிட்டுவிட்டு யாரிடமோ போனில் தெலுங்கில் பேசியிருக்கிறார். ஆந்திராவா என்று கேட்டதற்கு, காஞ்சிபுரத்தில் தறிக்காரர்கள் நிறையப் பேர் வீட்டில் தெலுங்குதான் என்று சொல்லியிருக்கிறார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று முழுக்க அந்தப் பதிவைத் தேடியிருக்கிறாள்.

அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. பெற்ற மகள் மாதிரி செய்திருக்கிறாள், என்ன சொல்வது. அவள் கட்டிக்கொடுத்த இட்லியோடு அவர் போனார் என்பது ஒன்றுதான் நான் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது.

திருப்பதிக்குப் போனோம். மகன் இரண்டு தடவை, நான் ஒரு தடவை. அங்கே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவரைத் தேடுவதற்கு அதைவிட மோசமான இடம் உலகத்தில் இல்லை என்று. எல்லாரும் மொட்டை. எல்லாக் கிழவரும் ஒரே மாதிரி. மண்டபத்தில் வரிசை வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். சாயங்காலம் ஒரு இடத்தில் தூரத்தில் முதுகைப் பார்த்து, அவரேதான் என்று தோன்றிவிட்டது. என் ஜென்மத்தில் தெருவில் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டேன். "ஏமண்டி!" என்று கத்தினேன். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவேன். ஏழெட்டுக் கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊரில் எல்லாப் பெண்டாட்டியும் அப்படித்தானே கூப்பிடுவாள். நான் நினைத்த முதுகு திரும்பவே இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். வேறு யாரோ.

ஊருக்கு வந்து மாடிப்பெண்ணிடம் மகன்தான் எல்லாவற்றையும் சொன்னான். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான்தானுங்களே மாத்தினேன். நான்தானுங்களே மாத்தினேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் போய் அவள் கையைப் பிடித்தேன். என் வாயிலிருந்து, "நான்தானே தலையாட்டினேன்" என்று வந்தது. அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியாது. எனக்கு இல்லை.

அவள் மாற்றியது ஒரு வரி. நான் மூன்று வருஷமாகப் பார்க்காமல் இருந்தது அதைவிடப் பெரியது. அவருக்குத் தமிழ் போய்விட்டிருந்தது. எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது. யோசித்தால் ஒவ்வொன்றாக இப்போது வருகிறது. பால்காரர் சௌக்கியமா என்று கேட்டால் பேசாமல் இருந்தார், வயசாகி வீம்பு வந்துவிட்டது என்று நான் சொன்னேன். டீக்கடையில் பழைய சிநேகிதர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வந்துவிட்டார், காது மந்தம் என்று சொன்னேன். டாக்டர் கேட்டதற்கு என்னைத் திரும்பிப் பார்த்தார், மறதி என்று சொன்னேன். வீட்டில் நானும் அவரும் தெலுங்கில்தான் பேசுகிறோம், அது அவரிடம் நன்றாகத்தான் இருந்தது. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை. பின்னால் வந்தது முன்னால் போயிருக்குது. சின்ன வயசில் அவருடைய அம்மாவிடம் பேசினது மட்டும் மிச்சம் இருந்திருக்குது.

போலீசில் என்ன பாஷை பேசுவார் என்று கேட்டபோது மகன் தமிழ் என்றான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தெலுங்கு என்று சொன்னால் ஆந்திராவில் எந்த ஊர் என்று அடுத்த கேள்வி வரும். எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது, அதற்கு யார் பதில் சொல்வது. வெளியில் கேட்டால் தமிழ் என்று சொல்லியே எங்களுக்குப் பழக்கம்.

மாடிப்பெண் அன்றைக்கே பதிவைத் திருத்தினாள். தெலுங்கு மட்டும்தான் பேசுவார் என்று முதல் வரியில் கொட்டை எழுத்தில் போட்டாள். ஆனால் ஏற்கெனவே ஊர் ஊராகப் போன பதிவைத் திருப்பிக் கூப்பிட முடியாதாம். யார் யார் செல்லில் எல்லாமோ அவர் இன்னும் தமிழில் வீட்டுக்குப் போகணும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் தெலுங்கிலேயே ஒரு பதிவு போடலாம் என்றாள். அவளோடு வேலை செய்கிற ஒரு ஹைதராபாத் பெண் எழுதிக் கொடுத்தாள். அச்சு அச்சாக, உருண்டை உருண்டையாக எழுத்து. பார்க்க அழகாக இருந்தது. நான் பேசுகிற பாஷை, எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. படித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் போனில் படித்தாள். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. பாதி புரிந்தது. அந்த வரி வந்தது. "இண்டிகி வெள்ளாலி" என்று படித்தாள்.

"அது இல்லம்மா" என்றேன்.

மாடிப்பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவரு அப்படிச் சொல்ல மாட்டாரு. போவலன்னுதான் சொல்வாரு. இண்டிகி போவல."

போனில் இருந்த பெண் சிரித்த மாதிரி இருந்தது. "அது கொஞ்சம் பழைய பேச்சு ஆன்ட்டி, நாங்க யாரும் அப்படி எழுத மாட்டோம். படிக்க நல்லா இருக்காது" என்றாள்.

"நல்லா இல்லன்னாலும் பரவாயில்ல. அதையே எழுதச் சொல்லு."

இப்படி ஒரு பேச்சு நான் யாரிடமும் பேசியதில்லை. மாடிப்பெண் போனை வாங்கி, "அவங்க சொல்றபடியே எழுதுப்பா. ஒரு எழுத்து மாத்தாத" என்றாள். எழுதினார்கள். சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். எனக்குப் பார்த்துச் சொல்லத் தெரியாது.

அந்தப் பக்கத்திலிருந்தும் போன்கள் வந்தன. நெல்லூர் என்றார்கள், சித்தூர் என்றார்கள். ஒன்றும் அவர் இல்லை. கொஞ்ச நாளில் வேறு மாதிரிப் போன்கள் வர ஆரம்பித்தன. ஆள் எங்களிடம்தான் இருக்கிறார், பணம் போடுங்கள் என்பார்கள். குரலைக் கேட்க வையுங்கள் என்றால், அவர் என்ன சொல்லிக்கொண்டிருப்பாரோ அதையே சொல்லிக் காட்டுவார்கள். பதிவில்தான் எழுதியிருக்கிறதே. இண்டிகி போவல, இண்டிகி போவல என்று யாரோ ஒரு வாலிபன் கிழவர் குரலில் பேசுவான். முதல் தடவை நான் ஏமாந்துபோய்ப் போனைக் காதில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதேன். "நேனே, நேனே", நான்தான் நான்தான் என்று அவனும் நடித்தான். அடுத்த தடவையிலிருந்து மகன் போனை என்னிடம் கொடுப்பதில்லை.

கம்பெனியில் மிஷின் ஓடும்போது போன் எடுக்கக்கூடாது. எடுத்து எடுத்து அவன் இரண்டு தடவை மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். போன மாசம் சாப்பிடும்போது சொன்னான், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"அம்மா, நம்பரை எடுத்துடச் சொல்லட்டுமா? என்னால முடியலம்மா."

இரு என்று சொல்லலாம். சொன்னால் இருப்பான். அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆறு மாசமாக அவன் போன் அடித்தால் நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் எழுந்து நிற்கிறோம். எடுத்துடு என்றேன்.

பதிவையே எடுத்துவிடவா என்று மாடிப்பெண் கேட்டாள். அது வேண்டாம் என்றேன். அவர் வருவார் என்று நினைத்துச் சொல்லவில்லை. எடுத்தால் எடுத்தது நானாக இருக்கும், அவ்வளவுதான்.

அதனால் அது அங்கேயே இருக்குது, இரண்டு பாஷையிலும். அவள் புதிதாக ஒன்று எழுதிப் போட்டால் இது ஒரு படி கீழே இறங்கும். கருட சேவைக்கு எங்கே நின்று பார்ப்பது என்று எழுதினாள், இறங்கியது. மழைக்காலத்தில் பட்டைப் பாதுகாப்பது எப்படி என்று எழுதினாள், இறங்கியது. திங்கட்கிழமை காலையில் நான் மாடிக்குப் போய் அவள் செல்லை வாங்கி விரலால் தள்ளிக்கொண்டே கீழே போவேன். முன்னே இரண்டு தள்ளில் வரும். இப்போது தள்ளித் தள்ளிக் கை வலிக்குது. வந்ததும் தமிழை மட்டும் படிப்பேன். பத்தி பத்தியாக, நடுவில் இடம் விட்டு, எங்கேயும் தடுக்காமல் போகுது. படிக்கச் சுலபமாக இருக்குது. படித்தவர் அவரைப் பார்த்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் அதில் இல்லை.